வேலை போன கடிகாரத்துக்குக் கோடியில் விலை!

1969 டிசம்பர் 25. டோக்கியோவில் சீகோ நிறுவனம் 'அஸ்ட்ரான்' என்றொரு கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தங்க உறை போட்டது. விலை 4,50,000 யென். அன்றைக்கு அந்தப் பணத்துக்கு ஒரு டொயோட்டா கொரோலா காரே வாங்கிவிடலாம். உலகத்தில் கடைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் அதுதான். சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரியில் ஓடும். அதுவரை இருந்த நல்ல வாட்ச்கள்கூட ஒரு நாளைக்குச் சில வினாடிகள் முன்னே பின்னே போகும். இது மாதத்துக்கே ஐந்து வினாடிதான் தவறும் என்றார்கள்.

இன்றைக்கு எல்லாம் தலைகீழ். பேட்டரி வாட்ச்சை ரயில் நிலைய வாசலில் கூவி விற்கிறார்கள். பேரம் பேசினால் இன்னும் குறைப்பார்கள். சாவி கொடுக்கிற வாட்ச்சோ ஏலக்கூடத்துக்குப் போய்விட்டது. 2019 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த நன்கொடை ஏலம் ஒன்றில் படேக் பிலிப் செய்த ஒற்றை ஸ்டீல் கடிகாரம் 3 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்குப் போனது. அன்றைய மதிப்பில் 220 கோடி ரூபாய். நேரம் சொல்லும் போட்டி வைத்தால் அந்த 220 கோடி, ரயில் நிலைய வாசல் வாட்ச்சிடம் தோற்கும்.

இதில் ஏமாந்தவர்கள் யாரும் இல்லை. வாங்கியவருக்கும் இது தெரியும். நேரம் காட்டுகிற வேலை இருந்தவரை கைக்கடிகாரம் ஒரு கருவி. அந்த வேலையைப் பேட்டரி பறித்துக்கொண்ட பிறகுதான் அது சேகரிக்கத் தக்க பொருள் ஆனது. ஆடம்பரக் கடிகாரங்களின் இன்றைய மவுசை 'நூற்றாண்டுப் பாரம்பரியம்' என்று கம்பெனிகள் விளம்பரம் செய்தாலும், அதில் பெரும்பகுதி கடந்த நாற்பது ஆண்டுகளில் எழுப்பிய கட்டடம். அஸ்திவாரம் மட்டும் பழசு.

காதோடு வைத்துக் கேட்டால்...

பக்கவாட்டுக் குமிழைத் திருகி 'சாவி கொடுக்கிறோமே', அப்போது உள்ளே ஒரு சிறு டப்பாவுக்குள் மெயின் ஸ்பிரிங் இறுகிச் சுருள்கிறது. விட்டால் அது ஒரே மூச்சில் விரிந்து தீர்ந்துவிடும். அப்படி விடாமல், இத்தனை இத்தனையாக அளந்து விடுவதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. ஸ்பிரிங்கின் விசை பல்சக்கரங்கள் வழியாகக் கடைசிச் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. அங்கே இரண்டு குட்டிச் சிவப்புக் கல் பதித்த ஒரு கவை, அந்தச் சக்கரத்தின் பல்லைப் பிடிக்கிறது, விடுகிறது, அடுத்த பல்லைப் பிடிக்கிறது. எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று அந்தக் கவைக்குச் சொல்வது பேலன்ஸ் வீல். தலைமுடி போன்ற ஒரு ஹேர் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும். நமக்குக் கேட்கும் டிக் டிக், அந்தப் பிடி விழுகிற சத்தம்.

இன்றைய வாட்ச்களில் அது பெரும்பாலும் மணிக்கு 28,800 முறை விழுகிறது. வினாடிக்கு எட்டு. அதனால்தான் வினாடி முள் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரிகிறது. வினாடிக்கு ஒருமுறை குதித்தால் அது அநேகமாகக் குவார்ட்ஸ். கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, கண்ணாடிக்கு வெளியிலிருந்தே செய்யக்கூடிய முதல் பரிசோதனை இது.

டயலில் '17 ஜுவல்ஸ்' என்று போட்டிருப்பதைப் பார்த்து, உள்ளே விலை உயர்ந்த ரத்தினக்கல் இருப்பதாக நம்பிய தாத்தாக்கள் ஊருக்கு ஊர் உண்டு. கல் இருப்பது உண்மை. மாணிக்கம்தான், ஆனால் உலையில் செய்த செயற்கை மாணிக்கம். சக்கரத்தின் அச்சு தேயாமல் சுழல்வதற்குத் தாங்கியாக வைத்தது. நகைக்கடையில் கொடுத்தால் திருப்பித் தந்துவிடுவார்கள்.

விலை ஏறுவது வேறு இடத்தில். உயர்ரக வாட்ச்சைத் திறந்தால், உள்ளே இருக்கும் தகடுகளின் விளிம்பு ஒவ்வொன்றும் சரிவாகச் சீவிக் கண்ணாடிபோல் மெருகேற்றியிருக்கும். எந்திரம் உள்மூலை வரை போக முடியாது. அந்தக் கூர்மையான உள்மூலையைக் கையால்தான் தீட்ட வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியில் வளரும் ஜென்ஷியன் செடியின் காய்ந்த தண்டைச் சீவி, அதன் நுனியில் மெருகுப்பசை தடவித் தேய்ப்பது பழைய வழக்கம். சில பட்டறைகளில் இன்றும் உண்டு. இந்த வேலையால் நேரம் அரை வினாடிகூடக் கூடுதலாகச் சரியாகாது. சேகரிப்பாளர் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து முதலில் பார்ப்பது அந்த உள்மூலையைத்தான்.

ராணி பார்க்காத கடிகாரம்

கடிகாரத்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் முடிச்சுப் போட்டது மதம். 1541-ல் ஜெனீவா திரும்பிய கால்வின், அங்கே கடுமையான சீர்திருத்த ஆட்சிக்கு வழிவகுத்தார். ஆபரணங்கள் கூடாது என்றானது. பிழைப்புப் போன பொற்கொல்லர்கள், பிரான்சில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த புராட்டஸ்டன்ட் கடிகாரக் கைவினைஞர்களோடு சேர்ந்தார்கள். நகை ஆடம்பரம், கடிகாரம் அத்தியாவசியம் என்று ஒரு சமாதானம். 1601-ல் ஜெனீவாவில் கடிகாரக்காரர்களுக்கென்று சங்கமே வந்துவிட்டது. பிறகு தொழில் ஜூரா மலைக்கு ஏறியது. பனிக்காலத்தில் வயல் வேலை இல்லாத விவசாயக் குடும்பங்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சக்கரமும் திருகும் செய்தார்கள்.

அந்தப் பக்கத்து நோஷாடெல் ஊரில் பிறந்து பாரிஸில் கடை வைத்தவர் ஆபிரகாம் லூயி பிரகே. 1801-ல் இவர் காப்புரிமை பெற்ற 'டூர்பியோன்' இன்றும் ஆடம்பர வாட்ச்களின் உச்சம். சட்டைப்பையில் நாளெல்லாம் செங்குத்தாகவே கிடக்கும் கடிகாரத்தைப் புவியீர்ப்பு ஒரே பக்கம் இழுப்பதால் வரும் பிழையைச் சமன்செய்ய, பேலன்ஸ் வீல் உள்ளிட்ட மொத்த அமைப்பையும் ஒரு கூண்டில் வைத்துச் சுழலவிட்டார். அருமையான யோசனை. ஆனால் மணிக்கட்டு சும்மா இருப்பதில்லை. எல்லாப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்கிறது. கைக்கடிகாரத்தில் டூர்பியோனால் பெரிய பயன் கிடையாது. பயன் இல்லாத இந்த உறுப்புக்காகவே விலையில் பல லட்சம் கூடுகிறது!

பிரகேயின் பெயரைச் சொன்னால் 160-ஆம் எண் கடிகாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. பிரெஞ்சு ராணி மரி அன்ட்வானெத்துக்காக 1783-ல் வந்த ஆர்டர் அது. அன்றைக்குக் கடிகாரக் கலைக்குத் தெரிந்த எல்லா வித்தையும் அதில் இருக்க வேண்டும். எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் தங்கம் போட வேண்டும். செலவும் காலமும் பிரச்சினை இல்லை. காலம்தான் பிரச்சினை ஆனது. 1793-ல் ராணியின் தலை கில்லட்டினில் விழுந்தது. 1823-ல் பிரகேயும் போய்ச் சேர்ந்தார். 1827-ல்தான் கடிகாரம் முடிந்தது.

அதோடு கதை நிற்கவில்லை. கை மாறி மாறி அது ஜெருசலேமில் உள்ள எல்.ஏ. மேயர் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1983 ஏப்ரலில் ஒரு திருடன் உள்ளே புகுந்து நூற்றுக்கும் மேற்பட்ட கடிகாரங்களை அள்ளிக்கொண்டு போனான். போலீஸுக்கு இருபது வருடத்துக்கு மேல் துப்புக் கிடைக்கவில்லை. நாமான் டில்லர் என்ற அந்தத் திருடன் 2004-ல் சாகும் முன் மனைவியிடம் உண்மையைச் சொன்னான். 2006-ல் ஒரு வழக்கறிஞர் மூலம் பேரம் நடந்து ராணியின் கடிகாரம் திரும்பி வந்தது. வேடிக்கை என்னவென்றால், அது இனிக் கிடைக்காது என்று நினைத்து பிரகே நிறுவனம் அதேபோல் இன்னொன்றைச் செய்யத் தொடங்கியிருந்தது. 2008-ல் அது முடிந்தபோது உலகில் இரண்டு இருந்தன. நகலுக்கு எண் 1160.

மாடியறையில் ஒளித்தவை

அஸ்ட்ரானுக்கு வருவோம். சுவிஸ்காரர்கள் குவார்ட்ஸ் பற்றித் தெரியாமல் தோற்றதாக ஒரு பேச்சு உண்டு. அது பொய். அவர்களுடைய ஆய்வுக்கூடம் 1967-லேயே குவார்ட்ஸ் கைக்கடிகார மாதிரியைச் செய்து ஓடவிட்டுப் பார்த்துவிட்டது. ஆனால் அதைச் சந்தைக்குக் கொண்டுவருவதில் ஜப்பான் முந்திக்கொண்டது, மலிவாக்குவதிலும் முந்திக்கொண்டது. 1970-ல் சுவிஸ் கடிகாரத் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் அது 30,000 சொச்சமாக இறங்கியது. மலைக் கிராமங்களில் பட்டறைகளைப் பூட்டினார்கள். தலைமுறைகளாகச் சேர்த்த அச்சுகளையும் கருவிகளையும் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

லெ லோக்லெ ஊரில் இருந்த ஜெனித் தொழிற்சாலையை, தற்செயலாக அதே பெயர் கொண்ட சிகாகோ ரேடியோ, டி.வி. கம்பெனி ஒன்று வாங்கியிருந்தது. 1975-ல் அங்கிருந்து உத்தரவு வந்தது: சாவி வாட்ச் உற்பத்தியை நிறுத்து, கருவிகளை எடைக்குப் போடு. அந்தக் கருவிகளில் 'எல் பிரைமெரோ' எந்திரத்துக்கானவையும் அடக்கம். 1969 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட, மணிக்கு 36,000 முறை துடிக்கும், வினாடியில் பத்தில் ஒரு பங்கை அளக்கும் ஆட்டோமேட்டிக் ஸ்டாப் வாட்ச் எந்திரம் அது.

ஷார்ல் வெர்மோ என்ற பட்டறை மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. மேலிடத்துக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. பிறகு வேலை நேரம் முடிந்ததும், வெட்டு அச்சுகள், கேம்கள், வரைபடங்கள் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய்த் தொழிற்சாலையின் மாடியறை ஒன்றில் ஒளித்து வைத்தார். எது எந்த வேலைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பும் எழுதி வைத்தார். முதலாளியின் கண்ணோட்டத்தில் பார்த்தால் சுத்தமான உத்தரவு மீறல்.

1978-ல் ஜெனித் மீண்டும் சுவிஸ் கைக்கு வந்தது. எண்பதுகளில் மற்ற கம்பெனிகள் ஆட்டோமேட்டிக் ஸ்டாப் வாட்ச் எந்திரம் கேட்டு வந்தபோது மாடியறைக் கதவு திறந்தது. புதிதாகச் செய்வதென்றால் கோடிக்கணக்கில் போயிருக்கும். 1988-ல் ரோலக்ஸ் தன் 'டேடோனா'வுக்கு அந்த எந்திரத்தைத்தான், தனக்கேற்ற மாற்றங்களோடு, போட்டது. இந்தத் தொழிலில் எத்தனையோ பேருக்குச் சிலை வைக்கலாம். முதல் சிலை இந்த மேஸ்திரிக்கு வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

வெர்மோ காப்பாற்றியது கருவியை. வியாபாரத்தைக் காப்பாற்றியவர்கள் வேறு ஆட்கள். லெபனானில் பிறந்த நிகோலாஸ் ஹாயெக், மூழ்கிக்கொண்டிருந்த இரண்டு பெரிய சுவிஸ் குழுமங்களை ஒன்றாக்கும் திட்டத்தைக் கொடுத்தார். அந்தக் குழுமத்தைத் தூக்கி நிறுத்தியது 1983-ல் வந்த 'ஸ்வாட்ச்'. வெறும் 51 பாகங்கள் கொண்ட பிளாஸ்டிக் வாட்ச், அதுவும் குவார்ட்ஸ்! எதிரியின் ஆயுதத்தில் சம்பாதித்த பணம்தான் பிற்பாடு பிரகே போன்ற பழைய நிறுவனங்களை வாங்கிப் புதுப்பிக்க உதவியது.

அதே காலத்தில் ழான் கிளோத் பிவேர் என்ற இளைஞர், தூங்கிக்கொண்டிருந்த 'பிளாங்பான்' என்ற பழைய பெயரைக் கூட்டாளியுடன் சேர்ந்து சுமார் 22,000 பிராங்குக்கு வாங்கினார். 1735 முதல் நாங்கள் குவார்ட்ஸ் வாட்ச் செய்ததில்லை, இனியும் செய்ய மாட்டோம் என்று விளம்பரம் கொடுத்தார். குவார்ட்ஸ் வந்த காலத்தில் தூங்கிவிட்ட கம்பெனி அதைச் செய்யாததில் என்ன ஆச்சரியம் என்று யாரும் கேட்கவில்லை. பழசாக இருப்பதே பெருமை என்று அந்த ஒற்றை விளம்பரம் தொழிலுக்கே சொல்லிக்கொடுத்தது. 1992-ல் அந்தப் பெயரை அவர்கள் விற்ற விலை 6 கோடி பிராங்க்.

ஸ்டீலைத் தங்க விலைக்கு விற்கும் துணிச்சல் இதற்கும் முன்பே பிறந்திருந்தது. ஜெரால்ட் ஜென்டா ஒரே ராத்திரியில் வரைந்ததாகச் சொல்லப்படும் எண்கோண வாட்ச்சை, 1972-ல் ஆடமார்ஸ் பிகே 'ராயல் ஓக்' என்று வெளியிட்டது. எட்டு திருகுகள் வெளியே பளிச்சென்று தெரியும். விலை 3,300 பிராங்க். பல தங்கக் கடிகாரங்களைவிட அதிகம். பைத்தியக்காரத்தனம் என்றார்கள். நான்கு வருடம் கழித்து அவரே படேக் பிலிப்புக்கு 'நாட்டிலஸ்' வரைந்து கொடுத்தார். இன்று பணக்காரர்கள் வரிசையில் காத்திருப்பது இந்த இரண்டுக்கும்தான்.

டயலில் இருக்கிறது சூட்சுமம்

நடிகர் பால் நியூமன் கார் பந்தயத்தில் இறங்கியபோது மனைவி ஜோஆன் உட்வர்ட் அவருக்கு ஒரு ரோலக்ஸ் டேடோனா வாங்கிக் கொடுத்தார். பின்மூடியில், பார்த்து ஓட்டுங்கள், இப்படிக்கு நான் என்ற பொருளில் எழுத்துப் பொறித்திருந்தது. 1984-ல், மகளின் அன்றைய காதலரான ஜேம்ஸ் காக்ஸ், கையில் வாட்ச் இல்லாமல் நிற்பதைப் பார்த்து நியூமன் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் நடத்திய ஏலத்தில் அது 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. முதல் கேள்வியே 1 கோடி டாலர்.

நியூமனின் கை பட்டதால் மட்டும் இந்த விலை இல்லை. அந்த வகை டயலுக்கே தனி மவுசு. சிறு வட்டங்களுக்குள் இருக்கும் கோடுகளின் நுனியில் பொடிச் சதுரங்கள்; எண்களின் எழுத்தமைப்பு வேறு; ஓரத்தில் இன்னொரு வண்ண வளையம். அறுபதுகளில் இந்த டயல் பலருக்குப் பிடிக்கவில்லை. போதாக்குறைக்கு ஆட்டோமேட்டிக் காலத்தில் தினமும் சாவி கொடுக்க வேண்டிய எந்திரம். கடைகளில் தேங்கிக் கிடந்தது. விற்காத சரக்கு குறைவாகத்தானே செய்திருப்பார்கள்? குறைவாகச் செய்ததால் இன்று அரிது. சேகரிப்பு உலகத்தில் பல பொக்கிஷங்கள் அன்றைய தோல்விகள்.

அதனால்தான் தேர்ந்த சேகரிப்பாளர் பளபளப்பைக் கண்டால் சந்தேகப்படுகிறார். பழைய வாட்ச்சைப் பாலிஷ் போட்டுப் புதுசாக்கிக் கொண்டுவந்தால் விலை பாதியாகும். உறையின் கூர்மையான ஓரங்கள் மழுங்கிப்போயிருக்கும். டயலின் அடியில் பொடி எழுத்தில் 'டி' இருந்தால், இருட்டில் ஒளிர டிரிட்டியம் பூசியது என்று அர்த்தம். தொண்ணூறுகளின் இறுதிவரை அது வழக்கம். டிரிட்டியம் வயதானால் பழுத்து வெண்ணெய் நிறமாகும். டயலின் புள்ளிகள் பழுத்திருக்க, முள் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் முள்ளை மாற்றியிருக்கிறார்கள். கண்ணாடிக்குள் ஒரு மில்லிமீட்டர் பூச்சு, சில லட்சம் ரூபாயைத் தீர்மானிக்கிறது.

இத்தனை பார்த்தும் ஏமாறலாம். 2021 நவம்பரில் ஜெனீவாவில் 1957-ஆம் வருடத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். 2023-ல் ஒமேகாவே உண்மையைச் சொன்னது: அது பல வாட்ச்களின் பாகங்களைக் கோத்துச் செய்த ஒட்டு வாட்ச், தன் முன்னாள் ஊழியர்கள் சிலருக்கே அதில் பங்கு உண்டு. தயாரித்த கம்பெனிக்கே அடையாளம் தெரியவில்லை என்றால் மற்றவர்கள் பாடு?

நம் ஊர் சேகரிப்பிலும் இதே கூத்து, சின்ன அளவில். ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் தொடங்கியது. ஜனதா, பைலட், காஞ்சன் என்று கல்யாணச் சீரிலும் பணி ஓய்வு விழாவிலும் அதுதான். 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்களை அழகழகாக இறக்கியது. சுவிட்சர்லாந்தில் நடந்த அதே நாடகம். வெர்மோவும் ஹாயெக்கும்தான் இல்லை. 2016-ல் எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. மூடப்போகிறார்கள் என்றதும் ஜனதாவுக்குக் கிராக்கி கிளம்பியது. கிராக்கி வந்ததும் கலப்படமும் வந்தது. தொழிற்சாலை கனவிலும் செய்யாத ஆரஞ்சு, கிளிப்பச்சை டயல்களில் 'பைலட்' என்று அச்சடித்து, கண்டம் செய்த எந்திரங்களைப் போட்டு விற்கிறார்கள். சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதலீடாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நாட்டிலஸ் கதை போதும். 2021-ல் படேக் பிலிப் அதன் 5711 மாடலை நிறுத்தியது. அந்த ஆண்டு டிசம்பரில், டிஃபனி நகைக் கம்பெனியின் அடையாளமான நீல நிற டயலோடு 170 மட்டும் வெளியிட்டது. கடை விலை சுமார் 52,000 டாலர். அதில் முதலாவது, நன்கொடைக்கான ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனது. அந்த ஜுரத்தில் கடன் வாங்கி ஸ்டீல் வாட்ச் வாங்கியவர்கள் உண்டு. 2022-ன் நடுவிலிருந்து இரண்டாம் கைச் சந்தை சரிந்தது. ஏலச் செய்தியைப் படித்துவிட்டு வாட்ச் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கையில் கட்டப் பிடித்தால் வாங்கலாம்.

புதிதாக இறங்குகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லலாம். சாவி வாட்ச்சுக்கு எண்ணெய் காயும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துக் கழுவி எண்ணெய் போட வேண்டும், பெரிய பெயர் என்றால் அதற்கே பல ஆயிரம் ஆகும். வாங்கும் முன்பே அந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். ஸ்பீக்கர், ஃபிரிட்ஜ் காந்தம் பக்கம் வைக்காதீர்கள். ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தமேறி ஒட்டிக்கொண்டால் வாட்ச் தலைதெறிக்க ஓடும். முக்கியமாக, இரவு ஒன்பதிலிருந்து அதிகாலை மூன்று வரை தேதியைக் குமிழால் மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பல் ஏற்கெனவே கொக்கி போட்டிருக்கும். முள்ளை மாலை ஆறுக்குக் கொண்டுவந்து, முந்தின நாள் தேதியை வைத்து, பிறகு முன்னே ஓட்டி வாருங்கள். அவசரப்பட்டுத் திருகினால் பல் உடையும். அந்த ஒரு பல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்து சேர மாசக்கணக்கில் ஆகலாம்.